எங்கிட்டதான் பெசகு

அக்காவின் தொலைநோக்கியில் முதன்முதலாகக் கண்ணை வைத்தவர்களில் பாதிப்பேருக்கு எதுவுமே தெரியாது. சிலர் திறந்திருக்கவேண்டிய கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். சிலர் குழாயை இரண்டு கையாலும் பிடித்து, தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறவர்களைப்போல ஆட்டிவிடுவார்கள். எங்கள் பெரியம்மா ஒருமுறை கண்ணுக்குப் பதிலாகக் காதை வைத்தார். யார் என்ன செய்தாலும் அக்கா வாயில் வருவது ஒன்றுதான்.

“இருங்க, இருங்க. எங்கிட்டதான் பெசகு.”

சொல்லிவிட்டுக் குனிந்து, திருகாணியை ஒரு மயிரிழை திருப்பி, நிலாவை மறுபடியும் குழாய்க்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு விலகி நிற்பார். ஆட்டிவிட்டவர் தான் எதையும் ஆட்டியதே தெரியாமல் “ஆத்தாடி!” என்று வாயைப் பிளப்பார். அக்கா பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம். நான் அப்போது அங்கே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் கடைசிக் காம்பராவில் அக்கா இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அச்சில் தன் பெயர் வந்ததற்கும் ஏதாவது ஒரு குற்றத்தைத் தேடித் தன் தலையில் போட்டுக்கொள்வார்.

அவர் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைசெய்துவிட்டுத் திரும்பியபோது ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவந்தது நான்தான். ஒரு பயணப்பெட்டி, நீளமாக ஓர் அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியைப் பின்னால் வைக்க விடவில்லை. மடியில் குறுக்கே கிடத்திக்கொண்டார். அது இரண்டு பக்கமும் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வளைவுக்கு வளைவு “மெதுவா, தம்பி” என்றபடியே வந்தார். டிவி என்றே நானும் நினைத்தேன். அவருடைய கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைசெய்தார். அன்றைக்கு லீவு போட்டு வந்து, சுவரில் டிவி மாட்டுவதற்கு இரும்புச் சட்டமே அடித்து வைத்திருந்தார். லயமே வாசலில் கூடி நின்றது. பெட்டியைப் பிரித்தால் வெள்ளைக் குழாய் ஒன்றும் மூன்று கால்களும் வந்தன.

“இதுல எந்த சேனல் தெரியும்?” என்று கேட்டார் கணவர். நல்ல மனிதர். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

“நெலா தெரியும்ங்க,” என்றார் அக்கா. பிறகு கணவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கி, “எங்கிட்டதான் பெசகு. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்,” என்றார்.

அக்கா வேலைசெய்த வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த தொலைநோக்கியாம் அது. பிள்ளைக்குக் கொஞ்ச நாளிலேயே அலுத்துப்போய்விட்டது. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகும் அக்காவுக்கு அலுக்கவில்லை. தூசி துடைக்கிற சாக்கில் பார்க்கத் தொடங்கி, போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, எந்தப் பொட்டு எந்தக் கோள் என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஊருக்குப் புறப்படும்போது என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கையை நீட்டி அதைக் காட்டியிருக்கிறார். அந்த வீட்டில் உடைந்த பீங்கானுக்கும் கருகிய துணிக்கும் யார் பொறுப்பேற்றார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

இந்தக் குணத்தைப் பெருந்தன்மை என்று சொல்கிறவர்கள் அவரோடு கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சில மாதங்களிலேயே அக்கா மறுபடியும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். கணக்கப்பிள்ளை கொழுந்து மூட்டையைத் தராசில் மாட்டிவிட்டு, ஈரம், முற்றல் இலை என்று நிறையைக் கழிக்கும்போது மற்றப் பெண்கள் சத்தம்போடுவார்கள். அக்கா மட்டும், “ஈரம் இருந்திருக்கும்ங்க. நான்தான் ஒதறாம போட்டுட்டேன்,” என்பார். வெயில் கொளுத்தும் நாளிலும் அதையே சொல்வார். பணியக் கணக்கைச் சேர்ந்த செல்வராணி ஒருநாள் தராசடியிலேயே வெடித்துவிட்டார். தோட்டத்தின் கீழ்ப்பகுதியைத்தான் பணியக் கணக்கு என்போம். ஓடைக்கு அந்தப்பக்கம், எங்கள் லயத்துக்கு நேர் எதிர் மலையில் இருந்தது.

“ஒனக்கென்ன, தலய ஆட்டிட்டுப் போயிருவ. நீ ஒத்துக்கிட்டா எங்க கொழுந்துலயும் ஈரம்னு கழிச்சிருவான். வாயத் தொறந்து ஒருதடவ இல்லன்னு சொன்னா செத்தா போயிருவ?”

“நீ சொல்றது சரிதான் செல்வராணி. எங்கிட்டதான்…” என்று அக்கா தொடங்கியதும் செல்வராணி இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தோளில் எறிந்துகொண்டு நடந்துவிட்டார். நியாயமான கோபம். அதே கோபம் எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. மனிதருக்கு ஒரு முதுகெலும்பு வேண்டாமா என்று அக்காவிடமே கேட்டிருக்கிறேன். அதற்கும் சிரித்தார்.

ஆனால் பொழுது சாய்ந்து அவர் தொலைநோக்கியின் பக்கத்தில் நிற்கும்போது அதே குணம் வேறொன்றாகத் தெரியும். ஒருநாள் வியாழன் கிரகத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு நான் துள்ளினேன். புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அக்கா பதறவில்லை. கண் வைக்கும் கண்ணாடியைக் கழற்றினார், வாயால் மெல்ல ஊதினார், திரும்ப மாட்டினார். புள்ளி போய்விட்டது.

“புதுசா ஒண்ணு தெரிஞ்சா வானத்துல வந்திருக்குன்னு ஓடக் கூடாது தம்பி. மொதல்ல கண்ணாடியில தூசி இருக்கான்னு பாக்கணும். அப்பறம் நம்ம கண்ணப் பாக்கணும். அதுக்கப்பறம்தான் வானம்.”

கணக்கப்பிள்ளையிடம் எனக்குப் பிடிக்காத அந்தத் தலையாட்டல்தான் இங்கே இப்படி இருக்கிறதென்று அன்றைக்குப் புரிந்தது. புரிந்தாலும் தராசடியில் எனக்குக் கோபம் வருவது நிற்கவில்லை.

சனிக் கிரகத்தின் வளையம் தெரிந்த காலத்தில் எங்கள் லயத்தில் ஒரு சிக்கல் வந்தது. கோயிலில் சனி பகவானுக்கு நேர் எதிரே நின்று யாரும் கும்பிடுவதில்லை, ஒதுங்கித்தான் நிற்பார்கள். அப்படிப்பட்டவரை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்க்கலாமா? பெண்கள் சேர்ந்து யோசித்து, குழாய்க்குப் பக்கவாட்டில் நின்று, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்ப்பதென்று முடிவுசெய்தார்கள். ஓரக்கண்ணுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியவில்லை. அக்கா வழக்கம்போலத் தன் பிசகைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கடைசியில் அவர் தாமே நேராகப் பார்த்து, மோதிரம் போட்ட பட்டாணி மாதிரி இருக்கிறது என்று எல்லோருக்கும் சொன்னார்.

நோன்புப் பிறை பார்க்கிற நாளில் டவுனிலிருந்து ஹார்ட்வெயார் கடை நானா தன் பிள்ளைகளோடு வந்திருந்தார். சூரியன் இறங்கியதும் மேற்கே கொஞ்ச நேரம் வானம் திறந்தது. பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. குளிரில் நின்று நின்று பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது. அக்கா, “இவ்வளவு தூரம் வந்தீங்க. எங்கிட்டதான் பெசகு நானா, கொஞ்சம் முந்தியே திருப்பியிருக்கணும்,” என்றார்.

நானா அவரை வியப்போடு பார்த்தார். “அல்லாஹ் மறைச்சதுக்கு நீங்க என்னத்துக்குத் தங்கச்சி மன்னிப்புக் கேக்குறீங்க?”

 அக்கா எங்கள் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

அந்த நானாவின் கடையில் சீமெந்து வாங்கித்தான் அக்கா தன் மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தில் இடுப்பளவுக்கு ஒரு தூண் கட்டினார். தொலைநோக்கியின் மூன்று கால்களும் உட்கார அதன் தலையில் மூன்று குழிகள். தினமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிற்கவேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வெளிச்சம் இருக்கும்போதே அவருக்கு ஒரு வேலை உண்டு. பெரிய குழாயின் முதுகில் குறிபார்க்க ஒரு சின்னக் குழாய் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்று நட்சத்திரம் வருவதற்குமுன் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். அதற்குத் தூரத்தில் அசையாத பொருள் ஒன்று தேவை. எதிர் மலையில் பணியக் கணக்கு மாரியம்மன் கோயிலின் விளக்குக் கம்பத்தை அவர் எடுத்துக்கொண்டார். கம்பத்துக்குப் பின்னால், இன்னும் மேலே, பெரிய பாறை ஒன்று. அதில் நெடுக்காக வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அக்காவின் தூணிலிருந்து பார்த்தால் கம்பத்தின் முனை சரியாக அந்த வெள்ளைக் கோட்டின்மேல் நிற்கும். மலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் அவர் செய்கிற முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

அந்த வருடம் கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. பகலெல்லாம் பெய்துவிட்டுச் சில நாட்களில் பொழுது சாயும் நேரத்தில் மட்டும் வானம் கொஞ்சம் வெளுக்கும். அப்படி ஒரு மாலையில் கம்பத்தின் முனை கோட்டைவிட்டு விலகியிருந்தது.

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை, தூண்தான் மழையில் சாய்ந்துவிட்டது. மேசனிடம் ரசமட்டம் வாங்கிவந்து தூணின் தலையில் வைத்துப் பார்த்தார். தூண் நேராக இருந்தது. அப்படியானால் கால்கள். கால்களைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுநாள் விலகல் இன்னும் கூடியிருந்தது. அப்படியானால் திருகாணி தேய்ந்திருக்கும். அதையும் கழற்றினார். அடுத்த நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆட்டோவை நிறுத்திவிட்டு என்ன அக்கா என்று கேட்டேன்.

“எங்கிட்டதான் ஏதோ பெசகு தம்பி. என்னன்னுதான் புடிபடல. கண்ணு டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டணும்போல.”

மறுநாள் மாலை நான் தோட்டத்துக்குள் நுழையும்போதே அக்கா ரோட்டில் வந்து நின்றார். என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தூணடிக்குக் கூட்டிப்போனார்.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒங்க கண்ணால பாருங்க.”

பார்த்தேன். கம்பத்துக்கும் கோட்டுக்கும் இடையில் நன்றாக இடைவெளி விழுந்திருந்தது. அக்கா குழாயை மறுபக்கம் திருப்பினார். அங்கே ஃபேக்டரியின் புகைக்கூண்டு, அதன் பின்னால் மலைமுகட்டில் ஒற்றை மரம். இரண்டும் எப்போதும்போலச் சேர்ந்து நின்றன.

“இது அப்படியே இருக்கு, பாத்தீங்களா? தூணு நகந்திருந்தா இதுவும் வெலகியிருக்கணும்.”

மறுபடியும் எதிர் மலைக்குத் திருப்பினார். இந்தமுறை கம்பத்தை விட்டுவிட்டு, பணியக் கணக்கு லயத்துக்கு மேலே இருந்த தேயிலையைக் காட்டினார். வரிசை வரிசையாகப் போகும் செடிகள் ஓரிடத்தில் படி இறங்கியதைப்போலத் தாழ்ந்திருந்தன. அந்த இடத்துக்கு மேலே இருப்பவை பழைய இடத்தில், கீழே இருப்பவை கீழே. வெறும் கண்ணுக்கு அது பச்சை மலை, அவ்வளவுதான்.

அக்கா நிமிர்ந்து நின்றார். எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொன்னார். சாவுச் செய்தி சொல்கிறவரின் குரல் அது.

“தம்பி, எங்கிட்ட பெசகு இல்ல. மலதான் எறங்குது.”

ஆட்டோவில் சுற்றுப்பாதையால் பணியக் கணக்குக்குப் போனோம். வழியிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. தோட்டத் தலைவர் வீட்டு முன்னால் ஆட்கள் கூடினார்கள். அக்கா சொன்னதைத் தலைவர் பொறுமையாகவே கேட்டார். ஆபீசுக்குப் போன் போட்டார். காலையில் ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

“அதான் காலையில வர்றாங்கல்ல,” என்றார் தலைவர். “கம்பம் சாஞ்சிருந்தா நிமித்திக்கலாம். இந்த மழையில புள்ளகுட்டிகளத் தூக்கிக்கிட்டு எங்க போறது?”

“கம்பம் சாயலங்க. கம்பம் நிக்கிற மண்ணே நகருது. காலை வரைக்கும் தாங்குமான்னு தெரியலங்க.”

கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் சிரித்தான். “நேத்து வரைக்கும் எதுக்கெடுத்தாலும் எங்கிட்டதான் பெசகுன்னு சொல்லுவ. இன்னைக்கு மலையிலயா பெசகு? போக்கா, போயிக் கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கத்தினேன். நானும் என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். ஆட்டோக்காரன் பேச்சை யார் கேட்பார்கள்?  அக்காவோ இத்தனை வருடங்களாக ஊராருடைய தவறுகளையெல்லாம் வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டவர். தவறுவது அவர் வழக்கம் என்று ஊர் எப்போதோ முடிவுகட்டிவிட்டது. அந்த முடிவை அவரே தன் வாயால் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது லயத்துப் பிள்ளைகளின் உயிர் அவருடைய ஒரு சொல்லில் தொங்குகிறது, அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. எனக்கு அழுகை வந்தது.

அக்கா போய் முதல் காம்பராவின் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

“நான் போகமாட்டேன். நீங்க எல்லாரும் மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்குற ஸ்கூலுக்குப் போனாத்தான் எந்திரிப்பேன். இல்லாட்டி விழுறது எம்மேலயும் விழட்டும்.”

“என்னக்கா இது, புதுப் பழக்கம்?” என்றார் தலைவர்.

 மழை வலுத்தது. அக்கா நகரவில்லை.

செல்வராணி பக்கத்துக் காம்பராவிலிருந்து அரிசி களைந்த கையோடு வெளியே வந்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“இவள எனக்குத் தெரியும். தராசுல ஏய்ச்சப்பக்கூட இல்லன்னு ஒரு வார்த்த சொல்லாதவ. அவளே இன்னைக்கு எங்கிட்ட பெசகு இல்லங்குறா. எனக்கு அது போதும். நான் புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

உள்ளே போய் அடுப்பை அணைத்தார். துணிமூட்டை கட்டினார். நடக்கச் சிரமப்பட்ட அப்பாவை என் ஆட்டோவில் ஏற்றினார். செல்வராணி போவதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். நன்றாக இருட்டுவதற்குள் லயம் முழுவதும் ஸ்கூல் கட்டிடத்துக்கு வந்துவிட்டது. கடைசியாக அக்கா எழுந்து வந்தார்.

பொழுது விடிகிற நேரத்தில் மலை இறங்கியது. சத்தம் எங்கள் லயம் வரைக்கும் கேட்டது. வெளிச்சம் வந்தபோது எதிர் மலையில் லயம் இல்லை, கோயில் இல்லை, கம்பம் இல்லை. மேலிருந்து ஓடை வரைக்கும் சிவப்பு மண்.

ஸ்கூலில் ஆட்களை எண்ணிப் பார்த்தபோது செல்வராணியின் அப்பாவைக் காணவில்லை. அவருக்கு ஒரு பசு இருந்தது. விடிந்ததும் பால் வண்டி வரும். எல்லோரும் தூங்கும்போதே எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, லயத்தடித் தொழுவத்துக்குப் பால் கறக்கப் போயிருக்கிறார். பசுவையும் அவரையும் இரண்டு நாள் கழித்து ஓடையோரத்தில் எடுத்தார்கள்.

பிறகு விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். ஸ்கூல் மண்டபத்தில், எல்லோர் முன்னாலும், ஓர் அதிகாரி சிங்களத்தில் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். விலகலை முதலில் எப்போது பார்த்தீர்கள்?

“அதுக்கு நாலஞ்சு நாளைக்கு முந்தியே பாத்தேங்க,” என்றார் அக்கா. “என் தூணுலதான் பெசகுன்னு நெனச்சிட்டேன்.”

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். முதலில் கருவியைச் சரிபார்ப்பதுதான் முறை, அதில் பிழை இல்லை என்றார். நான் அதையும் தமிழில் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை.

செல்வராணி எழுந்தார். “நாலஞ்சு நாளாவா?” என்றார்.  பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? சனியை நேருக்கு நேர் பார்த்த கண் என்று சிலர் பேசினார்கள். “அப்படியும் இருக்கலாம்,” என்றார் அக்கா. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இங்கே பட்டவர்த்தனமாகவே சொல்கிறேன். அக்காமேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த மலையின் தலைமாட்டில் தண்ணீர் வடிகிற கான்களை வருடக்கணக்காக வெட்டாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே வெடிப்பு விழுந்ததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட வந்து எங்கிட்டதான் பெசகு என்று சொல்லவில்லை. சொன்னது அக்கா ஒருவர்தான்.

பணியக் கணக்கு ஆட்களுக்கு எங்கள் லயத்துக்குக் கீழே தகரக் குடில்கள் போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். அந்தக் குடில்களுக்குப் பின்னாலும் ஒரு மலைதான். அக்கா தன் தூணிலிருந்து தெரியும் சரிவுகளில் எல்லாம் புதிதாகக் குறிகள் வைத்துக்கொண்டார். இந்த மரத்தின் கிளை அந்தக் கல்லின் மூலையில், இந்தத் தகரத்தின் முனை அந்த மண்திட்டில் என்று ஒவ்வொன்றாக. மழைக்காலமானாலும் வெயில்காலமானாலும் மாலையில் அவற்றை ஒன்றுவிடாமல் பார்த்து முடிக்காமல் அவர் சோறு தின்பதில்லை. பார்த்து முடிக்கும்போது கீழேயிருந்து யாராவது ஒரு பிள்ளை ஏறிவந்து நிற்கும். “எப்படி இருக்குன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க,” என்று கேட்கும். “அப்படியே இருக்குன்னு சொல்லு,” என்பார் அக்கா. பிள்ளை இறங்கி ஓடும். அதற்குப் பிறகுதான் குடில்களில் பாய் விரிப்பார்கள்.

பல மாதங்கள் கழித்து ஒரு மாலையில் பிள்ளைக்குப் பதிலாகச் செல்வராணியே வந்து நின்றார். விசாரணைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. அக்கா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, யார் வந்திருப்பது என்று தெரிந்தும்.

“இன்னைக்கு எப்படி?” என்றார் செல்வராணி.

“அப்படியே இருக்கு.”

“அப்ப தூங்கலாமா?”

“தூங்கு. நான் நல்லாப் பாத்துட்டேன்.”

  செல்வராணி இறங்கிப் போனார். ஆனால் அதற்கப்புறம் பிள்ளையை அனுப்பவில்லை, தானேதான் வந்தார்.

நான் கொழும்புக்கு வேலை தேடிப் புறப்படுவதற்கு முந்தின மாலை அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பல வாரங்களுக்குப் பிறகு வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மேற்கே வெள்ளி எரிந்தது. கிழக்கே, குடில்களுக்கு மேலே, சனி வந்திருந்தது. அதை அடையாளம் காண எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அக்காதான். குழாயோ மலையைப் பார்த்துத் தாழ்ந்திருந்தது. எதிர் மலை இறங்கியதிலிருந்து அது ஒருநாளும் நிமிர்ந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அக்கா, சனி நல்லாத் தெரியுது. போறதுக்கு முந்தி ஒருதரம் காட்டுங்க. நீங்களும் பாத்து எவ்வளவு நாளாச்சு?”

அக்கா தலையைத் தூக்கி வெறும் கண்ணால் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஆசையை நான் மறக்கவில்லை.

“இருக்கட்டும் தம்பி,” என்றார். “வானம் விழாது. அத யாரும் பாத்துக்கிட்டு நிக்கத் தேவயில்ல.”

சொல்லிவிட்டுக் குனிந்து, குழாயை அடுத்த சரிவுக்குத் திருப்பினார்.